இணையக் காமிக்ஸ் படைப்பாளிகளுக்கு முதல் யோசனை எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையக் காமிக்ஸ் வரைய ஆசைப்படுபவர்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். ஆர்வத்தோடு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்களாக இருக்கும். "நல்ல யோசனை வரட்டும் என்று காத்திருக்கிறேன்" என்பார்கள். அந்தக் காத்திருப்பைச் சுற்றியே ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். விடைகளைப் பெரும்பாலும் பெயர் பெற்ற படைப்பாளிகள் தொடங்கிய விதத்திலிருந்தே எடுத்திருக்கிறேன்.

இணையக் காமிக்ஸ் என்றால் என்ன? அச்சில் வந்ததை ஸ்கேன் செய்து போடுவதா?

இல்லை. முதலில் இணையத்தில் படிப்பதற்கென்றே வரைந்து, பெரும்பாலும் வரைந்தவரே வெளியிடுவது. இன்று நாம் பயன்படுத்தும் வலை வருவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது: எரிக் மில்லிகின் 1985இல் கம்ப்யூசர்வ் என்ற கணினி வலையமைப்பில் தன் காமிக்ஸை வெளியிட்டார். வலையில் வந்த முன்னோடிகளில் ஒன்று டேவிட் ஃபார்லி 1993இல் தொடங்கிய 'டாக்டர் ஃபன்'.

நாளிதழில் ஒரு காமிக்ஸ் தொடர் வர வேண்டுமானால், அது எதைப் பற்றியது, யாருக்கானது, எத்தனை மாதம் தாங்கும் என்றெல்லாம் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இணையத்தில் அந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் இல்லை. அதனால் அரைகுறை யோசனையோடும் ஒருவர் ஆரம்பிக்க முடிந்தது. கீழே வரும் கதைகளில் பல அப்படி ஆரம்பித்தவைதான்.

இவர்களுக்கெல்லாம் யோசனை எப்படித்தான் வந்தது? ஒரு நாள் திடீரென்று உதித்ததா?

அப்படி உதித்தவை குறைவு. ராண்டல் மன்றோவின் 'எக்ஸ்கேசிடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவப் பருவத்தில் நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கி வைத்திருந்த படங்களை 2005இல் ஸ்கேன் செய்து தன் தளத்தில் ஏற்றினார். அவ்வளவுதான் தொடக்கம். கணிதமும் இயற்பியலும் காதலும் பேசும் குச்சி மனிதர்களின் காமிக்ஸ் என்று இன்று நாம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரி படங்கள் சேர்ந்த பிறகு கிடைத்தது.

ஆலி ப்ரோஷ் 2009இல் 'ஹைப்பர்போல் அண்ட் எ ஹாஃப்' தளத்தைத் தொடங்கியபோது இயற்பியல் இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டியவர். படிப்பைத் தள்ளிப்போடுவதற்காக எழுதவும் வரையவும் ஆரம்பித்தார். மனச்சோர்வைப் பற்றி 2011இலும் 2013இலும் அவர் வரைந்த பக்கங்கள் அந்தத் தளத்தில்தான் வந்தன. அந்த நோயைப் பற்றி நான் படித்தவற்றில் அவ்வளவு உண்மையானவை சிலவே. தேர்வுக்கு முந்தைய நாட்களில் அவரைப் பார்த்து "உங்கள் யோசனை என்ன?" என்று யாராவது கேட்டிருந்தால் இந்தப் பக்கங்களை அவரால் சொல்லியிருக்க முடியாது.

அதனால் யோசனை எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் நான் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்கச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் அவர்கள் கையில் என்ன இருந்தது? அதற்குப் பெரும்பாலும் தெளிவான விடை கிடைக்கிறது.

எனக்கு வரையவே வராது. யோசனை மட்டும் இருந்தால் போதுமா?

இந்தக் கேள்விக்கு நான் மிகவும் மதிக்கும் விடை, ரயன் நார்த் 2003 பிப்ரவரியில் தொடங்கிய 'டைனோசர் காமிக்ஸ்'. ஆறு கட்டங்கள். கணினியில் ஆயத்தமாகக் கிடைத்த டைனோசர் படங்கள். ஒவ்வொரு நாளும் அதே ஆறு படங்கள். மாறுவது பேச்சு மட்டும். மூன்றாம் கட்டத்தில் டைரனோசரின் கால் ஒரு குட்டி வீட்டின் மேல் ஓங்கியிருக்கும். அன்றைய பேச்சு மொழியியலாக இருந்தாலும் மரணமாக இருந்தாலும் அந்தக் கால் அங்கேயேதான் நிற்கும். அந்தப் படத்துக்கு இன்று என்ன பொருள் கொடுக்கப்போகிறார் என்பதே வாசகரைத் திரும்ப வரவைத்தது. அவர் நன்றாக வரையத் தெரிந்தவராக இருந்திருந்தால் இந்த அமைப்பு அவருக்குத் தேவையே பட்டிருக்காது.

ஜெஃப் கின்னி நாளிதழ்களில் கேலிச்சித்திரத் தொடர் வரைய ஆசைப்பட்டவர். அவரை யாரும் ஏற்கவில்லை. தன் கோடுகள் தொழில்முறை ஓவியருடையவைபோல இல்லை என்று உணர்ந்ததும், பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் நாட்குறிப்பில் தானே வரைவதாக ஒரு கதையை அமைத்தார். கோடு தடுமாறினால் அது சிறுவனின் கோடு. 'டயரி ஆஃப் எ விம்பி கிட்' 2004இல் இணையத்தில் வந்தது. 2007இல் புத்தகமாகி உலகம் சுற்றியது. ரிச் பர்ல்யூ 2003இல் தொடங்கிய 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' குச்சி உருவங்களோடு நீண்ட வீரசாகசக் கதையையே சொல்லிவிட்டது.

இவற்றைக் காட்டி "வரையப் பழக வேண்டியதில்லை" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கைக்கு எது முடியும் என்பதை நேர்மையாகப் பார்த்து, அந்தக் கைக்கு ஏற்ற கதையைத் தேர்ந்தார்கள். அந்த நேர்மை வருவதற்கே கொஞ்ச நாள் வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே நடக்கவில்லையே, நான் எதை வரைவது?

நேத்தன் பைலும் அவர் மனைவியும் ஒரு நாள், விருந்தினர் வருவதற்கு முன்னால் தங்கள் சின்ன வீட்டில் சாமான்களை எல்லாம் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் இங்கே வாழ்கிறோம் என்பதற்கான தடயங்களை நண்பர்களிடமிருந்து மறைக்கிறோமே, இது எவ்வளவு விநோதம் என்று அவருக்குத் தோன்றியது. வேற்றுக் கிரகவாசிகள் நம் பழக்கங்களை எல்லாம் நேரடிச் சொற்களில் விவரித்துக்கொள்ளும் 'ஸ்ட்ரேஞ்ச் பிளானட்' 2019இல் அங்கிருந்துதான் கிளம்பியது. வீட்டை ஒழுங்குபடுத்துவதைவிடச் சாதாரண நிகழ்வு எது?

ஜேம்ஸ் கோச்சல்கா 1998 அக்டோபர் முதல் 2012 டிசம்பர் வரை நாளுக்கொரு சிறு காமிக்ஸாகத் தன் வாழ்க்கையை வரைந்தார். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பெரும்பாலான நாட்கள் எல்லாருடைய நாட்களையும் போன்றவையே. ரெய்னா டெல்கெமியர் சிறுமியாக இருந்தபோது கீழே விழுந்து முன்பற்களில் அடிபட்டு, பல ஆண்டுகள் பல் மருத்துவரிடம் போய்வந்தவர். அதைத்தான் 2004 முதல் இணையத்தில் வரைந்தார். 2010இல் 'ஸ்மைல்' என்ற புத்தகமாயிற்று.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்பவரிடம், நண்பர்களிடம் நீங்கள் இரண்டு முறைக்கு மேல் சொல்லிய சம்பவம் எது என்று கேட்பேன். எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது.

நான் வேலைக்குப் போகிறேன், களைத்துப்போய் வருகிறேன். முழு நேரமும் இதிலேயே இருப்பவர்களுக்குத்தானே யோசனை வரும்?

களைப்பு உண்மைதான், அதை நான் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் வேலையும் படிப்பும் சரக்கைத் தந்திருப்பதையும் பார்க்கிறோம். ஹோர்ஹே சாம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1997இல், ஆராய்ச்சி மாணவர்களின் பாடுகளையே 'பிஎச்டி காமிக்ஸ்' ஆக்கினார். மன்றோ தொடங்கியபோது நாசா ஆய்வு மையமொன்றில் ரோபோக்கள் தொடர்பான பணியில் இருந்தார். கேட் பீட்டன் வரலாறும் மானுடவியலும் படித்தவர். கல்விக்கடனை அடைக்கக் கனடாவின் எண்ணெய் மணல் வயல்களில் வேலை பார்த்தார். இடையில் ஒரு கடல்சார் அருங்காட்சியகத்திலும் பணிபுரிந்தார். வரலாற்று மனிதர்களை வைத்து அவர் வரைந்த 'ஹார்க்! எ வேக்ரன்ட்' இந்த அலைச்சலுக்கு நடுவே பிறந்தது.

தென்கொரியாவின் 'டவர் ஆஃப் காட்' தொடரை உருவாக்கிய எஸ்.ஐ.யூ. கட்டாய ராணுவச் சேவையில் இருந்தவர். அங்கே மூத்தவர் ஒருவர் வரைந்து பழகச் சொன்னதால் நோட்டுப் புத்தகங்களில் வரைய ஆரம்பித்தார். பத்துப் புத்தகங்கள் நிரம்பின. 2010இல் இணையத்தில் தொடங்கிய தொடரின் வரைவு அதுதான்.

முதலில் வர வேண்டியது கதையா, பாத்திரமா?

விதி எதுவும் இல்லை. ஆனால் பாத்திரம் முந்திக்கொண்ட கதைகளே என் கண்ணில் அதிகம் படுகின்றன. ஆலிஸ் ஓஸ்மன் 2014இல் எழுதிய 'சாலிட்டேர்' நாவலில் நாயகியின் தம்பி சார்லியும் அவன் காதலன் நிக்கும் துணைப்பாத்திரங்கள். நாவல் முடிந்தும் அவர்கள் அவரை விடவில்லை. இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்பதை 2016இல் காமிக்ஸாக இணையத்தில் வரையத் தொடங்கினார், அதுதான் 'ஹார்ட்ஸ்டாப்பர்'.

இன்னொன்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. காமிக்ஸ் ஓவியரான ஈதன் நிக்கோலுக்கு அப்போது 29 வயது. அவர் தம்பி மலாக்காய்க்கு ஐந்து. 2009 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம்பி ஒரு பொம்மைக் கோடரியை வைத்துக்கொண்டு தன்னை 'கோடரிப் போலீஸ்' என்று அறிவித்துக்கொண்டான். அண்ணனையும் விளையாட அழைத்து, கையில் ஒரு பொம்மைக் குழலைக் கொடுத்தான். அண்ணன் 'குழல் போலீஸ்' ஆனார். தம்பி சொல்லச் சொல்ல அவர் வரைந்த 'ஆக்ஸ் காப்' அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இணையத்துக்கு வந்தது. கதை என்று ஒன்று இல்லை. கோடரி வைத்த ஒருவன் இருந்தான். ஐந்து வயதுக் குழந்தை அடுத்து என்ன சொல்லும் என்பதை அண்ணன் திருத்தாமல் கேட்டார். அந்தப் பொறுமையைத்தான் நான் வியக்கிறேன்.

எதை நினைத்தாலும் யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள். புதிதாக எதுவும் மிச்சமில்லையே?

கிரேக்கப் புராணத்தில் ஹேடிஸ், பெர்செஃபனி கதை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவருகிறது. ரேச்சல் ஸ்மைத் 2018இல் அதையே 'லோர் ஒலிம்பஸ்' என்று மறுபடி சொன்னார். பெரும் வாசகர் கூட்டம் சேர்ந்தது.

ஜப்பானில் 'ஒன்' என்ற புனைபெயரில் எழுதுபவர் 2009இல் தன் தளத்தில் தொடங்கிய 'ஒன்-பஞ்ச் மேன்' இன்னும் நல்ல பாடம். சூப்பர் ஹீரோ கதைகளில் நாயகன் தோற்று, பயிற்சி பெற்று, கடைசியில் வெல்வான். இவரோ யாரையும் ஒரே குத்தில் வீழ்த்திவிடும் நாயகனோடு முதல் பக்கத்திலேயே ஆரம்பித்தார். வெற்றி நிச்சயமான மனிதனுக்கு என்ன பிரச்சினை இருக்க முடியும்? சலிப்புதான். ஜப்பானியக் குழந்தைகளுக்குப் பழக்கமான 'அன்பன்மேன்' என்ற நாயகனின் பெயரோடு ஒலியில் விளையாடியதுதான் தலைப்பு. மிகப் பழகிய ஒன்றில் ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, அதன் விளைவுகளைக் கடைசிவரை பின்தொடர்ந்தார்.

பழையதை மாற்றலாம் என்றால், மற்றவர் வரைந்த படத்தையே எடுத்து நான் பேச்சை மாற்றிப் போடலாமா?

இங்கே கவனம் வேண்டும். அயர்லாந்தின் டான் வால்ஷ் 2008இல், புகழ்பெற்ற கார்ஃபீல்டு காமிக்ஸிலிருந்து பூனையை அழித்துவிட்டு, தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் அதன் எஜமானரை மட்டும் விட்டுவைத்த 'கார்ஃபீல்டு மைனஸ் கார்ஃபீல்டு' மக்களைக் கவர்ந்தது. மூலப் படைப்பாளி ஜிம் டேவிஸ் அதைப் பெருந்தன்மையோடு வரவேற்றார். உரிமைதாரர்களின் சம்மதத்தோடு புத்தகமாகவும் வந்தது. அது அவருடைய பெருந்தன்மை. எல்லாரிடமும் அதை எதிர்பார்த்துத் தொடங்குவது ஆபத்து.

பாதுகாப்பான வழி, பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய ஓவியங்கள். டேவிட் மால்கி 2003 முதல் வெளியிட்டுவரும் 'வொண்டர்மார்க்' பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களிலும் இதழ்களிலும் வந்த செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டிப் புதிய பேச்சைச் சேர்க்கிறது. ஆர்த்தி பார்த்தசாரதி 2014இல் தொடங்கிய 'ராயல் எக்ஸிஸ்டென்ஷியல்ஸ்' முகலாயர் கால ஓவியங்களில் இருக்கும் அரசர்களையும் அரசிகளையும் இன்றைய கவலைகளைப் பேச வைத்தது. டைனோசர் காமிக்ஸ் பற்றி மேலே சொன்னது இவற்றுக்கும் பொருந்தும்: படம் மாறாதபோது பேச்சு அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அனுபவமே இல்லாத உலகத்தைப் பற்றி வரையலாமா?

வரையலாம், விசாரிக்கத் தயாராக இருந்தால். யூன் டே-ஹோவின் 'மிசெங்' 2012இல் வெளிவரத் தொடங்கிய கொரியத் தொடர். பாதுக் என்ற பலகை விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரனாக முடியாமல் போன இளைஞன் ஒரு வணிக நிறுவனத்தில் கடைநிலை ஊழியனாகச் சேர்கிறான். அலுவலக வாழ்க்கை யூன் வாழ்ந்து பார்த்ததல்ல; ஊழியர்களைத் தேடிப்போய்ப் பேசி அறிந்துகொண்டார். தலைப்பே அந்த விளையாட்டின் சொல்: இன்னும் உயிர் உறுதியாகாத காய்கள். 1989இல் நடந்த முதல் இங் கோப்பையின் இறுதி ஆட்டம் 145 நகர்வுகளில் முடிந்தது. அத்தியாயங்களை அவர் அந்த நகர்வுகளோடு வரிசையாகக் கோத்தார். இவ்வளவு உழைப்பு இருந்ததால்தான் அலுவலகத்தில் உண்மையாகவே வேலை பார்த்தவர்கள் அதில் தங்களைக் கண்டார்கள்.

கோஸி உகாஸு கல்லூரியின் கடைசி ஆண்டில் பனி ஹாக்கியைப் பற்றித் திரைக்கதை எழுதுவதற்காக அந்த விளையாட்டை ஆராயப் புகுந்தவர். ஆராய்ச்சி ஈடுபாடாக மாறியது. 2013இல் தொடங்கிய 'செக், ப்ளீஸ்!' அதன் விளைவு.

என் யோசனையை வெளியே சொன்னால் யாராவது திருடிவிடுவார்களே?

மேலே உள்ளவற்றை மறுபடி பாருங்கள். "டைனோசர்கள் பேசும்", "வேற்றுக் கிரகவாசிகள் நம் பழக்கங்களை விவரிப்பார்கள்" என்ற வரிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவரால் அடுத்த நாளுக்கான பக்கத்தை வரைய முடியாது. பொதுவாகப் பதிப்புரிமை காப்பதும் வரைந்த பக்கத்தையே. மனத்தில் இருக்கும் கருத்தை அல்ல. காப்பு வேண்டுமானாலும் வரைந்துதான் ஆக வேண்டும்.

ஒரு போட்டிக்கு அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். யோசனை மோசம் என்றுதானே பொருள்?

ஜெர்ரி ஹோல்கின்ஸ், மைக் க்ராஹுலிக் இருவரும் வீடியோ கேம்ஸ் பற்றிய தங்கள் காமிக்ஸை முதலில் ஓர் இதழின் போட்டியை எண்ணித்தான் உருவாக்கினார்கள். அங்கே இடம் கிடைக்கவில்லை. 1998 நவம்பரில் 'பென்னி ஆர்கேட்' இணையத்தில் தொடங்கியது. பின்னாளில் அதைச் சுற்றி வீடியோ கேம்ஸ் ரசிகர்களின் பெரிய விழாவே எழுந்தது. கின்னியின் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஓர் இதழுக்கு ஒத்துவரவில்லை என்பதற்கு மேல் நிராகரிப்பில் செய்தி எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகர்களையே கேட்டுவிட்டால், நான் யோசிக்க வேண்டியதில்லையே?

ஆண்ட்ரூ ஹஸ்ஸி அப்படித்தான் தொடங்கினார். வாசகர்கள் அனுப்பும் கட்டளைகளைப் பாத்திரங்கள் நிறைவேற்றும். 2009 ஏப்ரல் 13இல் ஆரம்பித்த 'ஹோம்ஸ்டக்' தொடரும் தொடக்கத்தில் இந்த முறையில்தான் நகர்ந்தது. வாசகர்கள் பெருகப் பெருக, வரும் கட்டளைகளுக்குள் எந்தக் கதையை வேண்டுமானாலும் கண்டெடுக்கலாம் என்ற நிலை வந்தது. அப்புறம் தேர்வு முழுக்கப் படைப்பாளியுடையதே. நேரடிக் கட்டளைகளை ஏற்பதும் நின்றது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது இது நல்ல பயிற்சி. யோசிக்கும் வேலையைக் குறைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் யோசனை கேட்டால் என்ன?

கேட்டால் இருபது யோசனைகள் உடனே வரும். இரண்டாம் கேள்வியில் நான் சொன்னதை வைத்துப் பாருங்கள்: கோடரிப் பொம்மை, தேர்வு பயம், அடிபட்ட பல், அருங்காட்சியக வேலை. இவை உங்கள் கையில் இருப்பவை. அதன் கையில் இல்லை. யோசனைகளின் பட்டியல் கிடைக்காமல் வரைவதை நிறுத்தியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. எந்த யோசனையையும் ஐந்தாம் பக்கத்துக்கு மேல் பிடிக்காமல் நிறுத்தியவர்களைத்தான் பார்க்கிறேன்.

என் யோசனை தாங்குமா என்று தொடங்கும் முன்பே சோதிக்க வழி உண்டா?

ஸ்காட் மெக்ளவுட் 1990இல் தனக்கும் நண்பர் ஸ்டீவ் பிஸெட்டுக்கும் வைத்துக்கொண்ட சவால் ஒன்று இருக்கிறது: 24 மணி நேரத்தில் 24 பக்கக் காமிக்ஸை முடிப்பது. பின்னர் அது பலரும் மேற்கொள்ளும் பயிற்சியாகிவிட்டது. ஒரே மூச்சில் முடியாதவர்கள் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளலாம். எட்டாம் மணி நேரத்திலும் அந்தப் பாத்திரம் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரிந்தால் யோசனையில் உயிர் இருக்கிறது. நான்காம் பக்கத்திலேயே புதிய பாத்திரத்தைக் கொண்டுவரத் தோன்றினால், பழைய பாத்திரத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

என்னிடம் இருப்பது பத்து ஆண்டுகள் வரைய வேண்டிய பெரிய கதை. சிறிதாகத் தொடங்கினால் அது வீணாகிவிடாதா?

என்.டி. ஸ்டீவன்சனின் 'நிமோனா' 2012இல் இணையத்தில் பக்கம் பக்கமாக வந்தது. அப்போது அவர் கலைக் கல்லூரி மாணவர். அதையே இறுதி ஆண்டுப் பணியாகவும் சமர்ப்பித்தார். 2015இல் புத்தகம், 2023இல் திரைப்படம். தொடக்கப் பக்கங்களின் கோட்டுக்கும் கடைசிப் பக்கங்களின் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு புத்தகத்தில் அப்படியே தெரிகிறது. கதை அதனால் கெடவில்லை.

பெரிய கதையைச் சுமப்பவர்களிடம் நான் கேட் பீட்டனைப் பற்றியும் சொல்வதுண்டு. எண்ணெய் மணல் வயல்களில் அவர் கண்ட தனிமையும் ஆபத்தும் வரலாற்று நகைச்சுவைக்குள் அடங்குபவை அல்ல. 2014இல் அந்த அனுபவத்தின் ஒரு துண்டை மட்டும், சீர்செய்யாத கோட்டோவியங்களாக, 'டக்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் வெளியிட்டார். 2022இல் அதே பெயரில் முழு நூல் வந்தது. எட்டு ஆண்டுகள். இணையத்தில் போட்ட அந்தத் துண்டை இன்றும் தனியாகப் படிக்கலாம். கழிவுநீர்க் குட்டையில் இறங்கிச் செத்த வாத்துகள் அதிலேயே இருக்கின்றன.